வேலூரிலிருந்து கண்ணாடிக் கலை படிக்கப் போகிறவர்களுக்கு: சான்றிதழ் முதல் நேர்காணல் வரை

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். கண்ணாடிக் கலை படிக்க இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை நேர்காணலில் அசடு வழிந்து திரும்பினேன், இரண்டாம் முறை இடம் கிடைத்தது. நடுவில் ஒரு வருடம் வீணானது. அதில் பாதி என் அறியாமையால், மீதி காகிதங்களால். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து யாராவது இதே வழியில் கிளம்பினால் அந்த ஒரு வருடமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் இப்போது எங்கே விண்ணப்பித்தாலும் "நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், அது உங்கள் வேலையில் எப்படி வருகிறது" என்று ஏதாவது ஒரு வடிவில் கேட்பார்கள். கைவேலை தெரிந்த பலர் இந்தக் கேள்வியில்தான் விழுகிறார்கள். நானும் விழுந்தேன். ஆறாவது படியில் விவரமாக வருகிறது. அவசரம் என்றால் நேரே அங்கே போய்விட்டு அப்புறம் மேலே வாருங்கள்.

1. எந்தக் கண்ணாடி என்று முடிவு செய்யுங்கள்

"கண்ணாடி படிக்கப் போகிறேன்" என்றால் போதாது. உலையில் 1,100 டிகிரி வாக்கில் உருகிய கண்ணாடியைக் குழாயில் எடுத்து ஊதுவது ஒரு வகை. மேசை மேல் டார்ச் (எரிவாயுச் சுடர் கருவி) வைத்துக் கண்ணாடிக் குச்சியை உருக்கி மணியும் பொம்மையும் செய்வது இன்னொன்று. தகடுகளை வெட்டி அடுக்கி மின்சூளையில் இணைப்பதை ஃப்யூசிங் என்பார்கள். சூடே இல்லாமல் வெட்டுவது, தேய்ப்பது, செதுக்குவது, வர்ணம் தீட்டுவது தனி.

ஊதுவதற்கு நம் ஊரில் வழியில்லை. உலையை இரவும் பகலும் எரியவிட வேண்டும், அந்தச் செலவைத் தனி ஆள் தாங்க முடியாது. வீட்டிலிருந்து தொடங்குபவர் வெட்டுதல், கண்ணாடி ஓவியம், ஃப்யூசிங் மூன்றில் ஒன்றைப் பிடிப்பது புத்திசாலித்தனம். தஞ்சாவூர்ப் பாணிக் கண்ணாடி ஓவியம் தெரிந்த பெரியவர் யாராவது கிடைத்தால் விடாதீர்கள். கண்ணாடியின் பின்பக்கம் தீட்டி முன்பக்கம் பார்ப்பது அது. கண், நகை, கோடு எல்லாம் முதலில், பின்னணி கடைசியில். சாதாரண ஓவியத்துக்கு நேர் தலைகீழ். சூளை வேண்டாம், மின்சாரம் வேண்டாம், செலவு சில நூறு ரூபாய்.

2. சாமான் வாங்குமுன் கண்ணாடிக் கடையில் நில்லுங்கள்

ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடையில் ஒரு மாதம் மாலை நேரத்தில் நின்றேன். சம்பளமும் இல்லை, கட்டணமும் இல்லை. கடைக்காரர் கட்டரை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரே இழுப்பு இழுப்பார், சர்ரென்று ஒரே சத்தம். அந்தச் சத்தம் விட்டு விட்டு வந்தால் கோடு சரியில்லை என்று அர்த்தம். போட்ட கோட்டின் மேலேயே இரண்டாம் முறை இழுக்கக் கூடாது. கட்டரும் கெடும், கண்ணாடியும் வேறு பக்கம் ஓடும். ஒட்டுத்துண்டுகளைச் சும்மாவே கொடுத்தார். என் முதல் ஆறு மாத மூலப்பொருள் அதுதான்.

செருப்பு போடாமல் வேலை செய்யாதீர்கள். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேயுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. டார்ச் வேலைக்கு வீட்டுச் சிலிண்டரை இணைக்காதீர்கள். ஆபத்து ஒரு பக்கம், 14.2 கிலோ சிலிண்டரைச் சமையல் தவிர வேறு தொழிலுக்குப் பயன்படுத்துவது விதிமீறல் என்பது இன்னொரு பக்கம்.

3. வளையலை உருக்குமுன் இதைப் படியுங்கள்

நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை உடைந்த வளையல்தான். எனக்கும் அப்படித்தான். ஆடிப்பூரம் முடிந்ததும் அம்மன் கோயிலில் சேர்ந்த உடைசலைக் கேட்டு வாங்கி வந்து, ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் அடுக்கி, மட்பாண்டம் சொல்லித்தரும் ஒருவரின் மின்சூளையில் 800 டிகிரிக்கு மேல் ஏற்றினேன். மறுநாள் திறந்தபோது அழகாக ஒட்டியிருந்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அன்று ராத்திரி அலமாரிக்குள்ளிருந்து "டிக்" என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. காலையில் ஐந்து துண்டாகக் கிடந்தது.

காரணம் எளிது. ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் ஒவ்வொரு அளவு விரியும், ஆறும்போது அதே கணக்கில் சுருங்கும். இரண்டு கண்ணாடியும் ஒரே மாதிரி சுருங்காவிட்டால் உள்ளே இழுவிசை தங்கி, எப்போதாவது பிளந்துவிடும். ஸ்டூடியோக்களில் இதைச் சி.ஓ.இ. எண்ணாகச் சொல்வார்கள். கலைக்கென்று விற்கும் கண்ணாடி 90, 96, 104 என்று எண் போட்டே வரும். ஒரே எண்ணை ஒரே எண்ணோடுதான் சேர்க்க வேண்டும். வளையலுக்கு எண் கிடையாது. ஒரு டஜனில் பச்சையும் சிவப்பும் வெவ்வேறு கலவையில் வந்திருக்கலாம்.

சோதிக்க ஒரு வழி உண்டு. இரண்டு நிறத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக டார்ச்சில் ஒட்டி, இளகியதும் மெல்லிய இழையாக இழுங்கள். ஆறிய பிறகு இழை நேராக நின்றால் சேரும். வில்லாக வளைந்தால் சேராது. இந்தச் சோதனைப் படங்களை வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பத்துக்கு உங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் வேலைக்கு வரும்.

பொன் பூச்சும் ஜிகினாவும் உள்ள வளையலைச் சூளையில் வைத்தால் புகை வரும். ஜன்னலைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். சூளை போடுமுன் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பாருங்கள். கண்ணாடி மெதுவாக ஆற வேண்டிய நேரத்தில் கரண்ட் போனால் பத்து மணி நேர வேலை பாழ். 3 கிலோவாட் சூளைக்குச் சாதாரண பிளக் பாயிண்ட் தாங்காது, தனி வயர் இழுக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

4. காகிதங்களை இப்போதே தொடங்குங்கள்

கலை அப்புறம், தாசில்தார் கையெழுத்து முதலில். நான் தலைகீழாகச் செய்தேன்.

சாதிச் சான்றிதழ்: கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலத்துக்கு மட்டும். என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) போன்ற மத்திய நிறுவனங்களுக்கு மத்திய அரசின் ஓ.பி.சி. படிவத்தில் கிரீமி லேயரில் இல்லை என்று தனியாக வாங்க வேண்டும். பெரும்பாலும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வழங்கியதைத்தான் ஏற்பார்கள். பழைய தேதி போட்டதை எடுத்துக்கொண்டு போய் நான் திரும்பி வந்தேன். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் சாதியின் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் அங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான ஒதுக்கீடு) பொருந்துமா என்று பாருங்கள்.

இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேறும். இரண்டு வாரம் என்பார்கள், ஒரு மாதம் ஒதுக்குங்கள். எங்கே நிற்கிறது என்று ஆன்லைனில் பார்த்து அந்த மேசைக்கே நேரில் போனால்தான் நகர்கிறது.

பெயர்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. நம் ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. வெளிநாட்டுப் படிவம் "குடும்பப் பெயர்" கேட்கும்போது ஆளுக்கொன்று எழுதி மாட்டிக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலுக்கு மேலும் 2,000. வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, சென்னைக்கு ஓட வேண்டாம்.

முதல் பட்டதாரி சான்றிதழை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது தமிழ்நாட்டுச் சேர்க்கைக்கான சலுகை, வெளிமாநில மத்திய நிறுவனத்தில் செல்லாது.

5. எங்கே படிப்பது

கண்ணாடியைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு பட்டம் தரும் இடம் இந்தியாவில் அதிகமில்லை. அகமதாபாத் என்.ஐ.டி.யில் செராமிக் அண்ட் கிளாஸ் டிசைன் இருக்கிறது. நுழைவுத்தேர்வுக்கு டாட் (டிசைன் ஆப்டிடியூட் டெஸ்ட்) என்று பெயர். முதலில் பிரிலிம்ஸ் எழுத்துத் தேர்வு, தேறினால் மெயின்ஸ். முதுகலை என்றால் மெயின்ஸில் கைவேலைத் தேர்வும் நேர்காணலும் இருக்கும். போர்ட்ஃபோலியோ அங்கேதான் திறக்கும்.

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் செராமிக் பிரிவு உண்டு. அங்கே நான்கு வருடம் களிமண்ணும் சூளையும் படித்துவிட்டுக் கண்ணாடிக்குத் திரும்புவது சுற்றுவழி மாதிரி தெரியும். ஆனால் செலவு குறைவு, சூளை பழகிவிடும். வீட்டுநிலை இடம் கொடுக்காதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மேல்படிப்பு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கரிகிரிப் பக்கம் மெருகு பூசிய மண்பாண்டம் செய்பவர்களிடம் போய்ச் சூளை பார்ப்பதும் வீண்போகாது.

வெளிநாட்டில் பட்டம் மட்டும்தான் வழி என்றில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பில்சக் கண்ணாடிப் பள்ளி 1971இல் தொடங்கியது. கோடையில் சில வாரப் பயிற்சிகள் நடக்கும். நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தின் ஸ்டூடியோவும் குறுகிய வகுப்புகள் நடத்துகிறது. இரண்டிலும் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். விமானச் செலவும் விசாவும் பெரும்பாலும் நம் தலையில்தான். எந்த வகை விசா என்பதைப் பள்ளியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏஜெண்டிடம் கேட்காதீர்கள்.

6. "நீங்கள் யார்" என்ற அந்தக் கேள்வி

விண்ணப்பத்தோடு என்னைப் பற்றி எழுதிக் கொடுத்த முதல் குறிப்பில் இருந்தவை: தொன்மையான தமிழ்ப் பண்பாடு, கோலம், கோபுரம், ஜலகண்டேஸ்வரர் கோயில் தூண், வேலூர்க் கோட்டை, வளையல். ஒரே பக்கத்தில். வளையலைப் பற்றி "எங்கள் ஊரின் தலைமுறை தலைமுறையான கண்ணாடி மரபு" என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் அது இன்னும் கம்பீரமாக இருந்தது.

நேர்காணலில் ஒருவர் என் வேலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வளையல் எங்கே செய்தது?" என்று கேட்டார். எங்கள் ஊர்ச் சந்தையில் வாங்கியது என்றேன். "வாங்கியது சரி, செய்தது?" வாயில் வார்த்தை வரவில்லை. அவரே சொன்னார்: ஃபிரோசாபாத். உத்தரப் பிரதேசம். நான் மரபு என்று எழுதியது லாரியில் வந்த சரக்கு.

ஊருக்குத் திரும்பி வளையல் கடையில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை வாங்க அல்ல, கேட்க. அந்தச் சின்னக் கடையில் ஒரு மணி நேரத்தில் வளையல், காஜுலு, சூடி என்று மூன்று மொழியில் ஒரே பொருளைக் கேட்டார்கள். கடைக்காரர் மூன்றிலும் பதில் சொன்னார். அளவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: இரண்டு நாலு, இரண்டு ஆறு. இரண்டு அங்குலமும் மேலே பதினாறில் நாலு பங்கு, ஆறு பங்கு. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, நான் படித்தது தமிழில், பக்கத்து வீட்டில் தக்கனி உருது. இதை ஒரு வரிகூட முதல் குறிப்பில் எழுதவில்லை. "தமிழ்ப் பண்பாடு" என்றால் இதெல்லாம் வராது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. என் பாட்டி சின்ன வயதிலேயே தாத்தாவை இழந்தவள். அவள் கையில் நான் கண்ணாடி வளையல் பார்த்ததே இல்லை. ஆனால் தெருவில் எந்த வீட்டில் வளைகாப்பு என்றாலும் முந்தின நாள் வளையலைப் பார்த்து எடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டுவாள். நல்லது என்றால் கணீர் என்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் மட்டமாக வரும், அதை ஒதுக்கிவிடுவாள். வளைகாப்பன்று அவள் வரமாட்டாள். கூப்பிடவும் மாட்டார்கள்.

இரண்டாவது குறிப்பு இந்த ஒன்றைப் பற்றித்தான். ஃபிரோசாபாத் என்ற பெயரும் முதல் பத்தியிலேயே இருந்தது.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியவை:

முதலில் தமிழில் எழுதுங்கள். தெலுங்கோ உருதுவோ உங்கள் வீட்டு மொழி என்றால் அதில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் படித்த சொற்றொடர்கள்தான் வரும்.

பொருள் எங்கிருந்து வந்தது, யார் செய்தார்கள், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று தெரியாமல் அதை "எங்கள்" என்று எழுதாதீர்கள்.

கோபுரமும் கோலமும் கூடாது என்றில்லை. தினம் காலையில் நீங்களே கோலம் போடுபவர் என்றால் தாராளமாக எழுதுங்கள். மற்றவர் எதிர்பார்ப்பார் என்பதற்காகச் சேர்த்தால் நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே சாயம் வெளுத்துவிடும்.

மற்றவர் துக்கத்தை அனுமதியில்லாமல் எடுக்காதீர்கள். பாட்டியிடம் கேட்டபோது, "பேரைப் போடாதே, கையை வேணும்னா போட்டுக்கோ" என்றாள். அவள் கை படம் மட்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டு நிக்காஹ்வில் எடுத்த வளையல் படங்களை அவர்கள் வேண்டாம் என்றதும் நீக்கிவிட்டேன். நல்ல படங்கள்தான். போகட்டும்.

மற்ற நாட்டுக் கலைஞர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். ஃபிரெட் வில்சன் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர். கண்ணாடி ஊதுபவர் அல்லர். 2001இல் பில்சக்கில் தங்கியபோது கண்ணாடிக்கு வந்து, கைதேர்ந்த ஊதுநர்களை வைத்துக் கருப்புத் துளிகளாகச் சொட்டும் கண்ணாடி வேலைகளைச் செய்தார். 2003 வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்க அரங்கு அவருடையது. வெனிஸின் வரலாற்றில் கருப்பின மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்ட அரங்கு அது. வெனிஸை அடுத்த முரானோத் தீவின் கண்ணாடியில் கருப்புச் சரவிளக்கும் அங்கே தொங்கியது. பிரெஸ்டன் சிங்கிள்டரி டிலிங்கிட் பழங்குடி வழிவந்தவர், தன் மக்களின் வடிவங்களைக் கண்ணாடியில் கொண்டுவருகிறார். ஒருவர் ஊரின் பழைய கதையைக் கிளறுகிறார், இன்னொருவர் தன் வீட்டு வடிவத்தை எடுத்துக்கொள்கிறார். நேர்காணலில் இவர்களைப் பற்றிக் கேட்டால் பெயரை மட்டும் ஒப்பிக்காமல் ஒரு வேலையையாவது விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

7. போர்ட்ஃபோலியோ

10 முதல் 15 வேலை போதும். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி ஒன்று, முன்னாலிருந்து ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம். காலை ஏழு மணிக்கு மாடியில் வெள்ளைத் துணி கட்டி எடுத்தவைதான் என்னுடையவை. மே மாத மதியத்தில் முயற்சி செய்யாதீர்கள், வேலூர் வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளையாக வரும். உடைந்த வேலையையும் வையுங்கள். அந்த ஐந்து துண்டு வளையலும் இழைச் சோதனையும் என் இரண்டாம் நேர்காணலில் அதிக நேரம் பேசப்பட்டவை.

8. செலவும் மாதமும்

தயாரிப்புக் காலத்தில் எனக்கு மொத்தம் 20,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே ஆனது. கட்டர், சாணைக்கல், பாதுகாப்புக் கண்ணாடி 2,500. சூளை வாடகை ஒரு முறைக்கு 600 வீதம் 11 முறை. மீதி பயணம், விண்ணப்பக் கட்டணம், அச்சு. சூளையைச் சொந்தமாக வாங்காதீர்கள், முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

படிப்புச் செலவு வேறு. மத்திய நிறுவனத்தில் விடுதியோடு சேர்த்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வரும்; அந்த ஆண்டின் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டில் பேசுங்கள். கல்விக்கடன் வித்யாலட்சுமி தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஈடு கேட்பார்களா என்பது கடன் தொகையையும் நிறுவனத்தையும் பொறுத்தது, வங்கியில் முன்கூட்டியே கேளுங்கள். "கண்ணாடிப் படிப்பா, வேலை கிடைக்குமா" என்று வங்கியில் கேட்டால் சேர்க்கைக் கடிதத்தையும் கட்டணப் பட்டியலையும் முன்னால் வையுங்கள், விவாதம் வேண்டாம்.

ஏப்ரல், மே: சான்றிதழ்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: வேலை, படம். ஆடிப்பூரம் இந்த நடுவில் வரும், வளையல் வேண்டுமென்றால் கோயிலில் முன்னாடியே சொல்லி வையுங்கள். செப்டம்பரிலிருந்து என்.ஐ.டி. அறிவிப்பை வாரம் ஒருமுறை பாருங்கள். பிரிலிம்ஸ் பொதுவாக டிசம்பர், ஜனவரியில். சென்னையில் மையம் போடுங்கள். பில்சக் போன்ற கோடைப் பயிற்சிகளுக்கு விண்ணப்பம் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் நினைவு வந்தால் அடுத்த வருடம்தான்.

9. கண்ணாடியோடு ரயில் பயணம்

நேர்காணலுக்கு அசல் வேலை இரண்டு மூன்றை எடுத்துப் போங்கள், முழுவதையும் அல்ல. ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் உமி கொட்டி நடுவில் புதையுங்கள். தெர்மோகோலைவிட உமி நன்றாகப் பிடிக்கும், அரிசி மில்லில் கேட்டால் கிடைக்கும். ஆனால் நேர்காணல் அறையில் பிரிக்காதீர்கள், அறையெங்கும் உமி பறக்கும். வெளியே வராந்தாவில் பிரித்துத் துடைத்து எடுத்துப் போங்கள்.

அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாக வராது. சென்னை சென்ட்ரலில் ஏற வேண்டும், ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவான பயணம். கீழ் பெர்த் வாங்குங்கள். பெட்டியை மேலே வைத்தால் ராத்திரி யாராவது அதன்மேல் சூட்கேஸ் ஏற்றிவிடுவார்கள். காலடியில், உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பெட்டியின் மேல் "கண்ணாடி" என்று தமிழிலும் "காஞ்ச்" என்று இந்தியிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.